ஏழாவது ஸ்லைடு

இரவு பதினொன்றரை. க்ல்தானி, ஒன்பதாவது மாடி.
லேப்டாப்புக்கு முட்டுக்கொடுக்க ஒரு மாவு டப்பா.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை
மூன்று நிமிடத்துக்குத் திருகி வைத்திருக்கிறோம்.
நாளை பத்து மணிக்கு ஐந்து பேர் கேட்பார்கள்.
இப்போது ஓத்தார் மட்டும்,
அதுவும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு.

"திபிலிசியின் பழைய லிப்டுகள்..."
"பழைய வேண்டாம். வயதான என்று சொல்,
இரக்கம் வரும்."
"இரக்கத்துக்கு எவன் பணம் போடுவான்?"
கடிகாரம் அடித்துவிட்டது.
நான் இன்னும் இரண்டாவது ஸ்லைடில்.

பன்னிரண்டாவதில் எங்கள் படம்.
எடுத்தபோது மூன்று பேர்.
லெவான் போன வாரம் வார்சாவுக்கு வேலைக்குப் போனான்.
சொல்லாமல் போனான் என்று சொல்லமாட்டேன்;
சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னான்.
ஓத்தார் அவனை வெட்டி எடுத்தான்.
வெட்டிய பிறகும்
என் இடது தோளில் நான்கு விரல்கள்.
அவற்றை அழித்தால் தோளும் சேர்ந்து போகிறது.

தகராறு ஏழாவதில்தான்.
தொண்ணூற்று நான்கு லிப்டுகளில் எங்கள் கருவி.
பணம் கட்டுபவை நாற்பத்தொன்று.
"பயன்படுத்துகின்றன என்றுதானே போட்டிருக்கிறது?
கட்டுகின்றன என்றா போட்டோம்?"
வினைச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.
ஒரு முழுப் பூசணிக்காயையே மறைக்கக்
கஷ்டப்படுகிறது சோறு.
ஐம்பத்து மூன்று லிப்டுக்கு
எத்தனை அண்டா வடிப்பது?

அப்போதுதான் கேட்டது,
தகரத்தின் மேல் செருப்பால் அடிக்கும் சத்தம்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே எங்கள் கட்டிடத்து லிப்ட்.
உள்ளே சியாலா,
மருந்துக்கடையின் மாலை ஷிப்ட் முடிந்து,
கையில் ஒரு தர்பூசணி.
"இருபது தெத்ரி போட்டேன்.
பாதி வழிதான் வந்திருக்கிறது.
மீதிப் பத்தைக் கொடுங்கள்."

போனை எடுத்துப் பார்த்தேன்.
எங்கள் திரையில் அந்த லிப்ட்
பச்சைப் புள்ளியாக, நலமாக.

மெக்கானிக் வர ஒரு மணி நேரம் என்றான்.
அவள் தனியாகப் பயப்படக்கூடாதென்று
கதவிடுக்கில் வாய் வைத்துப் பேச்சுக் கொடுத்தேன்.
வேறு பேச்சு வரவில்லை.
முதல் ஸ்லைடிலிருந்து சொன்னேன்.
எழுந்து போக வழியில்லாதவள்,
இவ்வளவு கவனமாக நாளை யாரும் கேட்கப்போவதில்லை.

"எத்தனை லிப்டில் மாட்டியிருக்கிறீர்கள்?"
ஓத்தார் என்னைப் பார்த்தான்.
படிக்கட்டு விளக்கு அணைந்தது.
நல்லதாய்ப் போயிற்று.
"பணம் கட்டுபவை நாற்பத்தொன்று."
"இது?"
"இது சும்மா மாட்டியது."
"அதுதான்
சும்மா இருக்கிறது."

ஒன்று இருபதுக்கு வந்த மெக்கானிக்
ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினான்.
கதவுக் கொக்கி தேய்ந்திருக்கிறதாம்.
எங்கள் கருவிக்குக் கேட்பது மோட்டாரின் நடுக்கம் மட்டும்;
கதவின் முனகல்
அதன் காதில் விழுந்ததே இல்லை.

சியாலா தர்பூசணியை எங்களிடமே நீட்டினாள்.
கையெல்லாம் மரத்துவிட்டது,
மூன்று மாடி இதைத் தூக்கி ஏறமாட்டேன் என்றாள்.
வெட்டினோம். உள்ளே வெளிர்ந்து கிடந்தது.
ஆனாலும் தின்றோம், விதையோடு.

இரண்டரைக்கு
ஏழாவதில் 94ஐ அழித்து 41 என்று அடித்தேன்.
அந்த எண் ஸ்லைடில் அநாதையாக நின்றது.
ஓத்தார் எழுத்தைப் பெரிதாக்கினான்,
பிறகு சிறிதாக்கினான்.
அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
எங்களுக்கு இன்னும் கேட்காதவை.
"இதைப் பார்த்து ஒருத்தனும் தரமாட்டான்" என்றான்.
அழிக்கச் சொல்லவில்லை.

காலையில் படியிறங்கிப் போனோம்.
சட்டையில் மாவு ஒட்டியிருந்ததை
வரவேற்பறைக் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

ஐந்து நாற்காலி. குடுவையில் தண்ணீர்.
ஒருவர் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.
திரையில் முதல் ஸ்லைடு, எங்கள் பெயர், நகரத்தின் படம்.
தோளை ஒருமுறை தொட்டுக்கொண்டேன்.

பொத்தானை ஆறு தடவை அழுத்திவிட்டுப்
பேசத் தொடங்கினேன்.